மருத்துவமனைகளுக்கிடையே நோயாளி விவரத்தை மின்னணு முறையில் பகிர்வது: எதைப் பகிர்ந்தால் பலன், எங்கே சிக்கல்?

#1 கோப்பறை

வணக்கம் நண்பர்களே. ஒரு நடுத்தர மருத்துவமனை. வெளியே 2 ஆய்வகங்கள், ஒரு ஸ்கேன் மையம், நோயாளிகளை அனுப்பிவைக்கும் குடும்ப மருத்துவர்கள் சிலர். எல்லோரிடமும் கணினி இருக்கிறது. ஆனால் ஒருவர் சாஃப்ட்வேரும் இன்னொருவர் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்வதில்லை. இப்போதைக்கு ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புவதோடு சரி.

"நோயாளிக்கு நல்லது, செலவு குறையும்" என்று எல்லாப் பிரசுரங்களிலும் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தேவை அதற்கு அடுத்த படி. எந்தத் தகவல் எந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சிகிச்சையே மாறுகிறது? முதலில் எதை இணைப்பது? எங்கே சொதப்பும், ஏன்? துறை தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

#2 இரவுப்பணி

சிகிச்சை மாறும் இடம் எது என்று கேட்டீர்கள். அவசரப் பிரிவில் அது பளிச்சென்று தெரியும்.

பேச்சுக் குழறி ஒருவர் வருகிறார். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுக்கிறாரா, எடுத்தால் எது என்பதுதான் அடுத்த கேள்வி. வார்ஃபரின் என்றால் அதை முறிக்க வைட்டமின் கே, புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ். டாபிகாட்ரான் என்றால் இடாருசிசுமாப். அபிக்சபான், ரிவராக்சபான் என்றால் அதற்கு வேறு வழி. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று இருக்க முடியாது. வார்ஃபரின் தவிர்த்த இந்தப் புதிய மருந்துகளில் ஐஎன்ஆர் ஏறக்குறைய இயல்பாகவே வரலாம்.

அதே ஆளுக்கு ரத்த அடைப்பால் பக்கவாதம் என்றால் கேள்வி திரும்பிவிடும்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா? வழக்கமான கால வரம்பு அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரம். கடைசி 48 மணி நேரத்துக்குள் மேற்சொன்ன புதிய மருந்துகளில் ஒன்றை விழுங்கியிருந்தால் பொதுவாகப் போடுவதில்லை. நோயாளியால் பேச முடியாது, கூட வந்தவருக்கு மாத்திரையின் நிறம்தான் தெரியும். அந்த நிலையில் கடைசியாக மருந்து வாங்கிய பதிவு திரைக்கு வந்தால், முடிவு யூகத்தில் நிற்காது.

இரண்டாவது, பழைய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு). இன்று 2.1 மி.கி./டெ.லி. வருகிறது. போன வருடமும் 2.0 என்றால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. போன வாரம் 0.9 என்றால் இது திடீர்ப் பாதிப்பு. உடனே காரணம் தேட வேண்டும், சில மருந்துகளை நிறுத்த வேண்டும். 7 நாட்களுக்குள் அடிப்படை அளவைவிட ஒன்றரை மடங்கோ, 48 மணி நேரத்தில் 0.3-ஓ ஏறினால் திடீர்ப் பாதிப்பு என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. அடிப்படை அளவு தெரியாவிட்டால் நோயாளி வந்தவுடனே அந்த வரையறையைப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது, பழைய ஈசிஜி. நெஞ்சுவலியோடு வருபவருக்கு இடது கிளைத் தடை (இதயத்தின் மின்பாதையில் ஒரு தடை) தெரிகிறது. அது 5 வருடமாக இருப்பதா, இன்று வந்ததா? பழைய பதிவு கையில் இருந்தால் விடை அரை நிமிடத்தில்.

ஆக என் வரிசை: மருந்துகள், ஒவ்வாமை, நோய்ப்பட்டியல், அண்மைய லேப், பழைய ஈசிஜி. மற்றதெல்லாம் பிறகு.

#3 மருந்துச்சீட்டு

டாக்டர் சொன்ன முதல் இடம் சரிதான். ஆனால் "மருந்துப் பட்டியல்" என்று நாம் ஒரே பேரில் அழைப்பதற்குள் மூன்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன: எழுதிக்கொடுத்தது, மருந்தகத்தில் வாங்கியது, உண்மையில் விழுங்குவது. ஃபயர் (மருத்துவத் தகவலைப் பரிமாறுவதற்கான தரநிலை) முறையில் இவற்றுக்கு வேறு வேறு பதிவு வகைகளே உண்டு. மூன்றையும் ஒரே அட்டவணையில் கொட்டிவிட்டால், 6 மாதம் முன்பு நிறுத்திய மாத்திரை நடப்பு மருந்தாகத் தெரியும். பெறும் சாஃப்ட்வேரில் எது எந்த வகை என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், தேதியோடு.

அடுத்தது பிராண்டுப் பெயர். ஒரே மருந்து இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு வணிகப் பெயர்களில் எழுதப்பட்டால், வெறும் எழுத்தாகப் பகிரும்போது கணினிக்கு அது இரண்டு மருந்து. நோயாளி இரட்டை அளவு எடுப்பதை எந்த எச்சரிக்கையும் பிடிக்காது. மூலப்பெயர், வலிமை, வடிவம் மூன்றும் குறியீடாகப் போனால்தான் "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று திரை சொல்லும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான். தினமும் எடுத்தால் எலும்பு மச்சை ஒடுங்கி உயிருக்கே ஆபத்து. அனுப்பும் இடத்தில் "15 மி.கி., திங்கள் மட்டும்" என்று இருக்கிறது. பெறும் இடத்தில் "திங்கள் மட்டும்" குறிப்புப் பெட்டிக்குப் போய்விடுகிறது, அட்டவணையில் தெரிவது "மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி." மட்டும். அடுத்து எழுதுபவரின் கை வழக்கப்படி "தினம் 1" என்று போகும். இதைத் தடுக்க, வேளைக் களங்கள் எண்ணாகவே போக வேண்டும்: எத்தனை முறை = 1, கால அளவு = 1, அலகு = வாரம். பெறும் அமைப்பு அந்த அலகைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் பதிவை நிராகரித்து மனிதரிடம் காட்ட வேண்டும். பாதியை மட்டும் ஏற்றுக்கொள்வது எல்லாவற்றையும்விட ஆபத்து.

இந்தக் காரணத்தால், சோதனை ஓட்டத்தில் மெத்தோட்ரெக்சேட், லெவோதைராக்சின் (மைக்ரோகிராம், மில்லிகிராம் குழப்பம்), இன்சுலின் அளவு மாற்றி மாற்றிப் போடும் அட்டவணை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை (72 மணிக்கு ஒரு முறை) ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கட்டும்.

#4 குருதிக்குழாய்

ஆய்வகத் தரப்பிலிருந்து.

பிடிஎஃப் அனுப்பினால் டாக்டர் படிக்கலாம், கணினியால் பயன்படுத்த முடியாது. போக்கு வரைபடம் வராது, மருந்து அளவு எச்சரிக்கை வராது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் போக வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 6 துண்டு: சோதனைக் குறியீடு, மதிப்பு, அலகு, இயல்பு வரம்பு, மாதிரி எடுத்த நேரம், நிலை. இதில் ஒன்று குறைந்தாலும் பிரச்சினை.

சோதனைக் குறியீட்டுக்கு லாயின்க் என்ற பொதுக் குறியீட்டுப் பட்டியல். 1994 முதல் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் பராமரிக்கிறது, இலவசம். ஆனால் ஆய்வகத்தில் "குளுக்கோஸ்" என்று ஒரே பெயரில் இருப்பதற்கு லாயின்கில் பல குறியீடுகள். ரத்த நீரில் மி.கி. அளவு என்றால் 2345-7; வெறும் வயிற்றில் என்றால் 1558-6; அதே ரத்த நீர், மோல் அளவு என்றால் 14749-6. பெயரை மட்டும் பார்த்து மேப்பிங் (ஆய்வகத்தின் சோதனைக்கு உரிய லாயின்க் குறியீட்டைப் பொருத்துவது) செய்தால் தப்பாகும். மாதிரி எது, அளக்கும் பண்பு எது, எந்த நேரம், எந்த முறை என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். இந்த வேலையை ஆய்வகத்துக்காரரிடமே கொடுங்கள், ஐடி பிரிவிடம் விடாதீர்கள். எல்லாச் சோதனைகளையும் ஒரே மூச்சில் மேப் செய்யவும் வேண்டாம். ஒரு ஆய்வகத்தின் தினசரி வேலையில் பெரும்பகுதி சில நூறு சோதனைகளுக்குள்தான் அடங்கும். அவற்றை முதலில் முடியுங்கள்.

அலகு அடுத்த கண்ணி. குளுக்கோஸ் 100 மி.கி./டெ.லி. என்பதும் 5.6 மில்லிமோல்/லி. என்பதும் ஒன்றே, 18-ஆல் வகுக்க வேண்டும். கிரியாட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்கி மைக்ரோமோல். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 7 சதவீதம் என்பது இன்னொரு அலகில் 53. டிரோப்போனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) 0.04 நானோகிராம்/மி.லி. என்பது 40 நானோகிராம்/லி. குளுக்கோஸில் அலகு விட்டுப்போனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஏனென்றால் 5.6 என்ற மி.கி. அளவோடு யாரும் நடமாட முடியாது. டிரோப்போனினில் அப்படித் தெரியாது. 40-ஐப் பழைய அலகில் (நானோகிராம்/மி.லி.) படித்தால் பெரிய மாரடைப்பு, புதிய அலகில் (நானோகிராம்/லி.) படித்தால் எல்லைக்கோட்டு அளவு.

இன்னொன்று: ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறும் சோதனைகளை (டிரோப்போனின், பிஎஸ்ஏ, கட்டிக் குறிப்பான்கள்) ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைக்கக் கூடாது. கருவி மாறியதால் வந்த ஏற்றத்தை நோய் ஏறியதாக வாசித்துவிடுவார்கள். அந்தந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு முடிவோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்; பெறும் மருத்துவமனை தன் வரம்பை ஒட்டக் கூடாது.

#5 குருதிக்குழாய்

முந்தைய பதிவில் "நிலை" பற்றி விட்டுவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் முதல் நாள் "கிராம் நெகட்டிவ் கிருமி தெரிகிறது" என்று இடைக்கால முடிவு போகும். 2 அல்லது 3 நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற இறுதி முடிவு. சில நேரம் அதற்கும் பிறகு திருத்தம். எச்எல்7 (மருத்துவ சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசும் தரநிலை) செய்தியில் ஓபிஎக்ஸ்-11 என்ற களத்தில் பி (இடைக்காலம்), எஃப் (இறுதி), சி (திருத்தம்) என்று இது குறிக்கப்படும். பெறும் சாஃப்ட்வேர் அந்த எழுத்தைப் பார்க்காமல் வந்ததையெல்லாம் புது வரியாகச் சேர்த்தால், திருத்திய முடிவும் திருத்தப்பட்ட பழைய முடிவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது சரி என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? திருத்தம் வந்தால் பழையதை முதன்மைத் திரையிலிருந்து எடுத்து வரலாற்றில் வைக்க வேண்டும். பழையதைப் பார்த்துவிட்ட மருத்துவருக்கு அறிவிப்பும் போக வேண்டும்.

#6 வெளிநோயாளி

எல்லோரும் "பகிர்ந்தால்" என்கிறீர்கள். ஒரு மாற்றுக் கருத்து. ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிவது 8, 10 நிமிடம். அதற்குள் மூன்று மருத்துவமனைகளிலிருந்து வந்த 80 பக்கத்தைத் திறந்து படிப்பது நடக்காத காரியம். வேறு போர்ட்டல், வேறு கடவுச்சொல், மறுபடி நோயாளி எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். நடைமுறையில் யாரும் திறப்பதில்லை. தகவல் இருந்தும் பார்க்கவில்லை என்ற பழி மட்டும் டாக்டர் தலையில் விழும். நீங்கள் சொல்லும் பலன் எல்லாம் காகிதத்தில்தான்.

#7 இடைமுகம்

வெளிநோயாளி டாக்டர் சொல்வது நியாயமான குறை. ஆனால் அது பகிர்வின் குறை அல்ல, காட்டும் விதத்தின் குறை. இரண்டு தீர்வுகள் இருக்கின்றன.

ஒன்று, எல்லாவற்றையும் அனுப்பாமல் சுருக்கம் அனுப்புவது. சர்வதேச நோயாளிச் சுருக்கம் என்று ஐஎஸ்ஓ 27269 தரநிலையே இருக்கிறது. அதில் கட்டாயப் பகுதிகள் மூன்றுதான்: மருந்துகள், ஒவ்வாமை, நோய்ப்பட்டியல். தடுப்பூசி, அறுவை சிகிச்சை, சோதனை முடிவு, உடலில் பொருத்திய கருவிகள் போன்றவை இருந்தால் சேர்க்கலாம். இரவுப்பணி டாக்டர் #2-இல் கேட்ட வரிசைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டு, தனிப் போர்ட்டலே வேண்டாம். டாக்டர் தன் சாஃப்ட்வேரில் நோயாளியைத் திறந்ததும், அந்த நோயாளியின் அடையாளமும் டாக்டரின் உள்நுழைவும் சேர்ந்தே வெளித் தகவல் திரைக்குப் போக வேண்டும். ஸ்மார்ட் ஆன் ஃபயர் என்ற ஏற்பாடு இதற்குத்தான். ஒரு சொடுக்கு, மறுபடி தட்டச்சு இல்லை. முன்பதிவு உள்ளவர்களுக்கு முந்தைய இரவே தகவலை இழுத்து வைத்துவிடலாம். அப்படிச் செய்தால் டாக்டர் காத்திருக்கும் நேரம் பூஜ்யம்.

இன்னும் முக்கியம்: வெளியிலிருந்து வந்த ஒவ்வாமையும் லேப் முடிவும் "வெளி ஆவணங்கள்" என்ற தனித் தாவலில் கிடந்தால், டாக்டர் சொன்னது போல யாரும் பார்க்கமாட்டார்கள். உள்ளூர்ப் பட்டியலிலேயே, எங்கிருந்து வந்தது என்ற குறியோடு, ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகு சேர வேண்டும். மருந்து எழுதும்போது எச்சரிக்கை அந்தப் பட்டியலிலிருந்துதான் எழும்.

#8 வெளிநோயாளி

ஏற்றுக்கொள்கிறேன், இடைமுகம் சார். ஆனால் அந்த "ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகு" என்பதற்கு ஆள் வேண்டும். அது டாக்டர்தான் என்றால் மறுபடி அதே 8 நிமிடம்.

#9 மருந்துச்சீட்டு

அதற்கு மருந்தாளுநரோ பயிற்சி பெற்ற செவிலியரோ போதும், டாக்டர். நோயாளி காத்திருக்கும் நேரத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்பது: இதை எடுக்கிறீர்களா, எப்படி எடுக்கிறீர்கள், எப்போது நிறுத்தினீர்கள். டாக்டர் கடைசியில் ஒப்புதல் மட்டும் கொடுப்பார்.

ஒவ்வாமையில் மட்டும் கூடுதல் கவனம். பகிர்வு சரியான தகவலைப் பரப்புவது போலவே தப்பான தகவலையும் பரப்பும். பென்சிலின் ஒவ்வாமை என்று பெயர் வாங்கியவர்களைச் சோதித்துப் பார்த்தால் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. சிறு வயதில் வந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தப் பெயரில் ஏறியிருக்கும். அது 4 மருத்துவமனைகளுக்குப் பரவினால், 4 இடத்திலும் தேவையில்லாமல் மாற்று ஆன்டிபயாடிக். அதனால் வெறும் மருந்துப் பெயரோடு ஒவ்வாமையை அனுப்பக் கூடாது. என்ன எதிர்வினை, எவ்வளவு கடுமை, எந்த வருடம், உறுதியானதா சந்தேகமா என்பதும் சேர்ந்து போக வேண்டும். சோதித்து இல்லை என்று தெரிந்தால் "மறுக்கப்பட்டது" என்ற நிலையை அனுப்ப வேண்டும். தன் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால் மட்டும் போதாது. மற்ற மூன்று இடங்களில் அது உயிரோடு இருக்கும், அடுத்த சுற்றில் திரும்பி வரும்.

பட்டியல் காலியாக இருப்பதற்கும் பொருள் வேண்டும். "தெரிந்த ஒவ்வாமை இல்லை" வேறு, "யாரும் கேட்கவில்லை" வேறு. இரண்டுக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. காலிப் பெட்டியை அனுப்பாதீர்கள்.

#10 பதிவறை

இதுவரை யாரும் தொடாத ஒன்று: வந்த தகவல் யாருடையது? மேலே சொன்ன எல்லாப் பலனும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பது இரட்டைப் பதிவு. இரண்டு ஆட்களின் விவரம் ஒரே பதிவில் கலப்பது கலப்புப் பதிவு. முதலாவதில் தகவல் விட்டுப்போகும். இரண்டாவதில் அடுத்தவர் ரத்த வகையைப் பார்த்து முடிவெடுப்போம். அதனால் சந்தேகம் வந்தால் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

பொருத்திப் பார்க்கும் முறை பெரும்பாலும் ஃபெலெகி, சன்டர் இருவரும் 1969-இல் வெளியிட்ட கணக்கை ஒட்டியது. ஒரு விவரம் பொருந்தினால் எவ்வளவு நம்பலாம் என்று எடை போடுவது. பாலினம் பொருந்துவதற்கு ஏறக்குறைய 1 புள்ளிதான், ஏனென்றால் தற்செயலாகவே பாதிப்பேருக்குப் பொருந்தும். முழுப் பிறந்த தேதி பொருந்தினால் 14-க்குப் பக்கம். மேல் வரம்பைத் தாண்டினால் தானாகச் சேரும், கீழ் வரம்புக்குக் கீழே என்றால் சேராது, நடுவில் இருப்பது மனிதர் கண்ணுக்கு வரும். அந்த நடு வரிசையைப் பார்க்க ஆள் ஒதுக்காவிட்டால் அது குவிந்துகொண்டே போகும்.

இந்தக் கணக்கு எங்கே ஏமாறும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 போடும் வழக்கம்: அந்த ஒரு தேதியில் ஆயிரக்கணக்கானவர்கள் பிறந்ததாகப் பதிவாகியிருக்கும், அதற்கு 14 புள்ளி கொடுக்கக் கூடாது. இரட்டைக் குழந்தைகள்: தேதி, முகவரி, தொலைபேசி, தந்தை பெயர் எல்லாம் ஒன்று. பிறந்த குழந்தை: பெயர் வைக்கும் வரை "இன்னாரின் குழந்தை" என்று இருக்கும், பிறகு பெயரே மாறும். குடும்பம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி எண். முன்னெழுத்து முன்னாலா பின்னாலா, விரித்து எழுதுவதா என்று இடத்துக்கு இடம் மாறுவது. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ழ, ற, நெடில் ஆகியவை ஆளுக்கு ஒரு விதமாகப் போவது. ஆங்கிலப் பெயர்களுக்காக எழுதப்பட்ட ஒலி ஒப்பீடு இதற்குச் சரிவராது.

ஆளுக்கு ஒரு தனி அடையாள எண் இருந்தால் எல்லாம் தீரும் என்றும் நினைக்க வேண்டாம். எண்ணைத் தட்டும்போது இரண்டு இலக்கம் இடம் மாறினால் முற்றிலும் வேறு ஆள். எண்ணோடு குறைந்தது பிறந்த தேதியும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்தே சேர்க்க வேண்டும்.

#11 இடைமுகம்

பதிவறை ஐயா எழுதியதோடு ஒரு பிழையைச் சேர்க்கிறேன். இது அடிக்கடி வருவது. பிறந்த தேதியைச் சில சாஃப்ட்வேர்கள் "நள்ளிரவு 00:00" என்ற நேரத்தோடு சேமிக்கும். அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள எந்த ஊருக்கும் அது முந்தைய நாளாகிவிடும். 15-ஆம் தேதி பிறந்தவர் 14 ஆகிவிட்டார், பொருத்தம் தோற்றது. பிறந்த தேதி வெறும் தேதியாகவே போக வேண்டும், நேர மண்டலம் ஒட்டக் கூடாது. மாதிரி எடுத்த நேரத்துக்கு நேர்மாறு: அதற்கு நேர மண்டலம் கட்டாயம்.

பதிவுகளைச் சேர்த்தால் அந்தச் செய்தியும் எல்லா இடங்களுக்கும் போக வேண்டும். எச்எல்7 இரண்டாம் பதிப்பில் அதற்கு ஏ40 என்ற நிகழ்வு. பல அமைப்புகள் சேர்க்கையை அனுப்பும், பெறும் பக்கம் அதைக் கண்டுகொள்ளாது. அப்போது பழைய எண்ணில் வரும் முடிவுகள் எவரும் திறக்காத பதிவில் போய் விழுந்துகொண்டிருக்கும்.

அடுத்தது ஒப்புகை. செய்தி வந்ததும் "பெற்றேன்" என்று பதில் போகிறது. அனுப்பியவர் வரிசையிலிருந்து நீக்கிவிடுகிறார். ஆனால் பெற்றவர் அதைத் தரவுத்தளத்தில் எழுதும் முன்பே பதில் சொல்லியிருந்தால், இடையில் சர்வர் விழுந்தால் முடிவு காணாமல் போகும். இரு பக்கமும் பிழை எதுவும் காட்டாது. சேமித்த பிறகே ஒப்புகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தினமும் இரவில் அனுப்பிய எண்ணிக்கையும் சேமித்த எண்ணிக்கையும் ஒப்பிடுங்கள். இந்தச் சின்ன ஒப்பீடு நிறையக் காப்பாற்றும்.

எதிரொலியும் உண்டு. ஒரு மருத்துவமனை அனுப்பிய ஒவ்வாமையை இரண்டாவது மருத்துவமனை தன் சுருக்கத்தில் வைத்துத் திருப்பி அனுப்பும். முதல் இடம் அதைப் புதியது என்று சேர்க்கும். சில சுற்றில் ஒரே வரி 12 முறை. முதலில் பதிந்த இடத்தின் பதிவு எண் கடைசிவரை கூடவே போனால், பெறுபவர் "இது என்னுடையதே" என்று தள்ளிவிடலாம்.

#12 நிழற்படம்

ஸ்கேன் மையம் பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாக. படத்துக்கு டைகாம், 1993 முதல் இந்தப் பெயரில் இருக்கும் தரநிலை, இந்த விஷயத்தில் மற்றத் துறைகளைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. சிடி ஸ்கேனின் ஒரு வெட்டு 512 × 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. 600 வெட்டு என்றால் 300 எம்பி; நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் 4 நிமிடம். தரம் குறையாத சுருக்கம் போட்டால் பாதிக்குக் கீழே வரும். அதனால் "படம் பெரிது, குறுந்தட்டில் கொடுத்துவிடுகிறோம்" என்பது இப்போது சாக்கு மட்டுமே.

பலன் நேரடியானது: வயிற்றுச் சிடி ஒன்றுக்குச் சுமார் 8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேக்கு 0.1. மாற்றி அனுப்பப்பட்ட நோயாளிக்குப் படம் கிடைக்காததால் மறுபடி எடுப்பது முழுக்கத் தவிர்க்கக் கூடியது. நுரையீரலில் 6 மி.மீ. முடிச்சு தெரிந்தால், 2 வருடம் முன்பும் அதே அளவா என்று பழைய படம்தான் சொல்லும்.

இறக்கும்போது நோயாளி எண்ணை உங்கள் எண்ணாக மாற்ற வேண்டும். ஆனால் ஆய்வின் தனித்துவ அடையாள எண்ணைத் தொடவே கூடாது. சில அமைப்புகள் அதையும் புதிதாக உருவாக்கும், அதனால் ஒரே ஸ்கேன் இரண்டு ஸ்கேனாகத் தெரியும். படத்தோடு ரிப்போர்ட்டும் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது வேறு வழியில் போய் விட்டுப்போகும்.

#13 கோப்பறை

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. நோயாளியின் சம்மதம், ரகசியம் பற்றி? மனநலச் சிகிச்சை, எச்ஐவி போன்றவை எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்று நோயாளிகள் கேட்பார்கள். மறைத்துவிட்டால் மருந்து எச்சரிக்கை வராதே?

#14 பதிவறை

சம்மதப் படிவத்தில் "என் தகவலைப் பகிரலாம்" என்று ஒற்றை வரி போதாது. யாரோடு, எதற்காக, எவ்வளவு காலம், எப்படித் திரும்பப் பெறுவது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். திரும்பப் பெற்றால் அதற்குப் பிறகான பகிர்வு நிற்கும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்து அங்கே சிகிச்சைக்குப் பயன்பட்டது அழியாது. இதை நோயாளியிடம் முதலிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும்.

மறைப்பதில் உள்ள சிக்கல் நீங்கள் சொன்னதுதான், அதற்குச் சுலப விடை கிடையாது. மனநலக் குறிப்பை மறைத்து லித்தியத்தை மட்டும் காட்டினால், மருந்தே நோயைச் சொல்லிவிடும். லித்தியத்தையும் மறைத்தால், சிலவகை வலி மாத்திரை எழுதுபவருக்கு எச்சரிக்கை வராது. லித்தியம் ரத்தத்தில் ஏறும். என் கருத்து: விரிவான குறிப்புகளை மறைக்கலாம், மருந்துப் பட்டியலை மறைப்பதானால் அதன் விளைவை நோயாளிக்கு விளக்கி, அவர் புரிந்துகொண்ட பிறகே செய்ய வேண்டும். "சில தகவல்கள் நோயாளியின் விருப்பப்படி காட்டப்படவில்லை" என்ற வரியாவது திரையில் இருக்கட்டும்.

அவசரத்தில் பூட்டை உடைத்துப் பார்க்கும் வசதி தேவை. ஆனால் உடைப்பவர் காரணம் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் வேறொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும், நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும். யார், எப்போது, எந்தப் பதிவைப் பார்த்தார் என்ற தடம் எல்லாப் பார்வைக்கும் இருக்கட்டும். ஊழியர் தன் உறவினர், பக்கத்து வீட்டார், பிரபலங்கள் பதிவைத் திறந்தாரா என்று தடத்தைத் தவறாமல் அலசுங்கள். தடம் இருந்தும் யாரும் பார்க்காவிட்டால் அது பாதுகாப்பு ஆகாது. பொதுக் கடவுச்சொல் வைத்து வார்டு முழுவதும் ஒரே பெயரில் நுழைவதையும் முதலில் நிறுத்த வேண்டும்.

#15 இரவுப்பணி

டிஸ்சார்ஜ் பக்கம் ஒரு வார்த்தை. நோயாளி வீடு திரும்பும் தருணத்தில்தான் நூல் அறுபடுகிறது. குடும்ப மருத்துவருக்குச் சம்மரி 3 வாரம் கழித்து வந்தால் பயனில்லை. வெளியேறிய நிகழ்வே (எச்எல்7-இல் ஏ03) அவருக்குத் தானாக ஓர் அறிவிப்பாகப் போகட்டும். சம்மரி 24 மணி நேரத்துக்குள். அதில் மூன்று விஷயம் மேலே, முதல் பக்கத்தில்: எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எது மாறியது, ஏன் என்பது; எந்தச் சோதனை முடிவு இன்னும் வர வேண்டியிருக்கிறது என்பது; அதை யார் பார்ப்பார் என்பது. பயாப்சி முடிவு டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்து, எழுதிய டாக்டர் பணி மாறி, யார் கண்ணிலும் படாமல் கிடப்பது உயிரைப் பறிக்கும் ஓட்டை. பொறுப்பாளர் பெயர் இல்லாமல் சம்மரியை மூடவே விடக் கூடாது என்று சாஃப்ட்வேரில் கட்டாயமாக்கலாம்.

#16 கோப்பறை

சரி, வேலையைத் தொடங்கும் வரிசை என்ன? இன்னொன்று: ஒரு ஆய்வகத்தின் சாஃப்ட்வேரில் லாயின்க் களமே இல்லை. அவர்களை மாற்றச் சொல்வதா?

#17 இடைமுகம்

முதலில் நோயாளி அடையாளம். இரட்டைப் பதிவுகளைச் சுத்தம் செய்யாமல் இணைத்தால் குப்பையை வேகமாகப் பரப்புவோம். அடுத்து ஒரே ஒரு ஆய்வகம், ஒரே திசை: முடிவுகள் உள்ளே வரட்டும். இதில்தான் பலன் சீக்கிரம் தெரியும், டாக்டர்களின் நம்பிக்கையும் கிடைக்கும். அது நிலைத்த பிறகு டிஸ்சார்ஜ் அறிவிப்பும் சம்மரியும் வெளியே. நான்காவதாக மருந்தும் ஒவ்வாமையும், ஏற்றுக்கொள்ளும் ஆளை நியமித்த பிறகு. படங்களைத் தனிப் பாதையில் இணையாகச் செய்யலாம். டாக்டர்கள் தேடி இழுக்கும் வசதியைக் கடைசியில் வையுங்கள். சுருக்கம் தயாராக இல்லாமல் அதைத் திறந்தால் வெளிநோயாளி டாக்டர் சொன்ன 80 பக்கம்தான் வரும்.

அளந்து பார்க்க நான்கு எண்கள் போதும்: தானாகப் பொருந்திய செய்திகளின் விகிதம், குறியீடு இல்லாமல் வந்த முடிவுகள், 24 மணிக்குள் போன சம்மரிகள், வந்த தகவலை டாக்டர்கள் திறந்த விகிதம். கடைசி எண் குறைவாக இருந்தால் பயிற்சி வகுப்பு நடத்துவதற்கு முன் திரையைப் பாருங்கள். எத்தனை சொடுக்கு என்று எண்ணுங்கள்.

லாயின்க் களம் இல்லாததற்கு ஆய்வகம் சாஃப்ட்வேரை மாற்றத் தேவையில்லை. அவர்கள் தங்கள் குறியீட்டோடே அனுப்பட்டும். நடுவில் உள்ள இணைப்பு எஞ்சினில் (செய்திகளை வாங்கி, மாற்றி அனுப்பும் சாஃப்ட்வேர்) ஒரு மேப்பிங் அட்டவணை வைத்து, எச்எல்7-இன் ஓபிஎக்ஸ்-3 களத்தில் இரண்டையும் நிரப்புங்கள்: முதல் மூன்று கூறுகளில் லாயின்க் குறியீடு, பெயர், முறைமை (எந்தக் குறியீட்டுப் பட்டியல் என்பது), அடுத்த மூன்றில் ஆய்வகத்தின் சொந்தக் குறியீடு, பெயர், முறைமை. சொந்தக் குறியீட்டைத் தூக்கிவிடாதீர்கள். மேப்பிங் தப்பு என்று பிறகு தெரிந்தால் பழைய முடிவுகளைத் திருத்த அது ஒன்றுதான் வழி. ஆய்வகம் புதுச் சோதனையோ புதுக் கருவியோ கொண்டுவந்தால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அட்டவணையில் இல்லாத குறியீடு வந்தால் எஞ்சின் அந்த முடிவை நிறுத்தி வைக்கக் கூடாது. சொந்தப் பெயரிலேயே டாக்டருக்குக் காட்டிவிட்டு, அதே நேரத்தில் மேப்பிங் பட்டியலுக்கும் அனுப்ப வேண்டும்.

#18 குருதிக்குழாய்

அந்த மேப்பிங் பட்டியல் வாரம் ஒரு முறையாவது எங்களிடம் வந்தால் போதும், அரை மணி நேர வேலை. சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுத்தால்தான் அவசரத்தில் பெயரைப் பார்த்து மேப் செய்வது நடக்கிறது. இன்னொரு கோரிக்கை: புது இணைப்பைத் திறக்கும் முன் 50 உண்மையான முடிவுகளை, அச்சிட்ட ரிப்போர்ட்டையும் பெறும் திரையையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "<0.01" போன்ற குறியோடு வரும் மதிப்பு, மிக நீளமான கல்ச்சர் முடிவு, திருத்தப்பட்ட முடிவு, ரத்து செய்யப்பட்ட சோதனை, தமிழில் பெயர் உள்ள நோயாளி ஆகிய ஐந்தும் அந்த 50-க்குள் கட்டாயம் இருக்கட்டும். "<" குறி விழுந்து 0.01 என்று மட்டும் தெரிந்தால் அந்த இணைப்பைத் திறக்க வேண்டாம்.